டிராம்போனுக்குத் தேங்காய் எண்ணெய்

பிள்ளைகளா, மாமல்லபுரத்தில் ஒரு கல்யாண மண்டப வாசலில் நிற்கிறேன். மாப்பிள்ளை திறந்த காரில் ஏறிவிட்டார். ஆனால் பேண்டு செட்டின் பழைய ஊதுகருவியான டிராம்போன் அசைய மறுக்கிறது. அதற்குப் பொத்தான் கிடையாது. பித்தளைக் குழாய்மேல் இன்னொரு குழாய் செருகியிருக்கிறது; வெளிக்குழாயைத் தள்ளினால் சுரம் இறங்கும், இழுத்தால் ஏறும். நடுவே நூல் நுழையக்கூட இடமில்லை.

"இதுல எவன்டா தேங்கா எண்ண வுட்டது?" என்று கத்துகிறார் டிராம்போன்காரர்.

"நான்தான் மச்சான். நல்லா வழுக்கும்னு..." என்கிறார் டிரம் அடிப்பவர்.

"வழுக்குதா? பீச் மணலு பூரா ஒட்டிகினு கீது! அண்ணாத்த, உன் தண்ணி பாட்டில குடு."

கொடுக்கிறேன். உள்குழாயை எண்ணெய் போகத் துடைத்துக் கழுவி, அதன்மேல் வெறும் தண்ணீரைத் தெளிக்கிறார். குழாய் சறுக்கி ஓடுகிறது. முதல் ஊதலை டிரம் அடிப்பவரின் காதுக்குள்ளேயே விடுகிறார். ஊர்வலம் சிரித்துக்கொண்டே கிளம்புகிறது.