கிளேபாங் வரை கோஸ்தான்

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. இன்னமும் நான் ஏறிய பஸ் பின்னால் நகர்ந்தால், முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். வண்டியைப் பின்னுக்கு எடுப்பதை இந்த மலாக்காவில் மலாய்க்காரர், சீனர், நாம் எல்லாருமே "கோஸ்தான்" என்றுதான் சொல்கிறோம். அந்தச் சொல் காதில் விழுந்தாலே எனக்குக் கழுத்து வலிக்கிறது. வெறும் பிரமை இல்லை. கழுத்து அன்றைக்கு உண்மையிலேயே சுளுக்கியது.

என் மகனுக்கு அப்போது இருபத்து மூன்று வயது. ரப்பர் கடையில் எழுத்து வேலை பார்த்துக்கொண்டிருந்தவன், மெர்டேக்கா வந்த மூன்றாம் வருடம் அதை விட்டுவிட்டான். ஏன் என்று கேட்டதற்கு, "நாட்டுக்கே சுதந்திரம் வந்துருச்சு, எனக்கு மட்டும் வரலம்மா" என்றான். கெடாவில் ஒரு தோட்டத்தில் என் அண்ணன் பெரிய கிராணி, தலைமைக் குமாஸ்தா. அங்கே சின்னக் கிராணி வேலை ஒன்று காலியாக இருக்கிறது, பையனை அனுப்பு என்று எழுதியிருந்தார். வீடு தருவார்கள், சம்பளம் தவறாது, யாரும் லோரிக்கு அடியில் போய்ப் படுக்க வேண்டியதில்லை. எனக்கு அந்தக் கடைசி விஷயம்தான் மிகவும் பிடித்திருந்தது.

அவனோ சொந்தமாக ஒரு டீசல் பீக்கப் வண்டி கட்டப் போகிறேன் என்றான். வாங்க இல்லை, கட்ட. கிளேபாங்கில் தேங்காய் மண்டி வைத்திருந்த சீனத் தவுக்கே, அதாவது முதலாளி ஒருவர், சொந்த வண்டியோடு வருகிற ஆளுக்குத் தினமும் பாரம் தருகிறேன் என்று சொல்லியிருந்தாராம்.

வீட்டில் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். மூன்று மாதம் தவணை. தவுக்கே குறித்துக் கொடுத்த திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வண்டி அவர் மண்டி வாசலில் நின்றால் தேங்காய், நிற்காவிட்டால் கெடா. அண்ணனுக்கு எழுத வேண்டிய "வருகிறான்" கடிதத்தை அன்றைக்கே எழுதி, தபால்தலை ஒட்டி, கைப்பையில் வைத்துக்கொண்டேன். கடைசி நேரத்தில் அலைய வேண்டாம் பாருங்கள்.

காஜா பேராங்கில் எங்கள் வீட்டின் பின்பக்கம் அதுவரை துணி காயப்போடும் இடமாக இருந்தது. முதலில் ஒரு கறுப்புக் கார் வந்தது. ஊருக்குத் திரும்பிய ஏதோ ஒரு துரை விட்டுப்போனது. பின்பாதியின் மேல் டுரியான் மரக்கிளை விழுந்து அப்பளமாகியிருந்தது; முன்பாதி மட்டும் இன்னும் துரையாகவே இருந்தது. அடுத்து, ஆற்றில் விழுந்து தூக்கப்பட்ட ஐஸ் லோரி ஒன்றின் டீசல் இஞ்சின். அதைக் கழற்றியபோது உள்ளே இருந்து சிப்பி வந்தது. மூன்றாவதாக, புக்கிட் ரம்பாய் பழைய இரும்புக் கடையிலிருந்து ராணுவ லோரி ஒன்றின் அடிச்சட்டமும் பின் அச்சும். பின்தட்டுக்குக் கதவு வேண்டுமென்றான். நான் பாடம் நடத்தும் தமிழ்ப் பள்ளியில் கழித்துப்போட்ட கரும்பலகை ஒன்று கிடந்தது. தலைமை ஆசிரியரிடம் கேட்டு நானே கொண்டுவந்து கொடுத்தேன். வண்டி ஓடக்கூடாது என்று வேண்டிக்கொண்டே அதற்குக் கதவும் கொடுத்த தாய் நான் ஒருத்திதான் இருப்பேன்.

என் கணவர் பெரிய ஆஸ்பத்திரியில் காயத்துக்கு மருந்து கட்டும் டிரஸ்ஸர். தினமும் வேலை முடிந்து வந்ததும் பின்பக்கம் எட்டிப் பார்த்து, "நோயாளி எப்படி இருக்காரு?" என்பார்.

"இப்பதான் இருதயம் வெச்சிருக்கேன்ப்பா."

"ரத்தம் ஒழுகுதே?"

"அது டீசல்."

"அப்ப சரி" என்று சாப்பிடப் போய்விடுவார். கவலைப்படும் வேலையை இந்த வீட்டில் நான் ஒருத்தி பார்த்தால் போதும் என்பது அவர் எண்ணம்.

பக்கத்து வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் மலாக்காச் செட்டி வம்சம். நாங்கள் போகும் கோயிலுக்குத்தான் போவார். பொங்கலை எங்களைவிட விமரிசையாகக் கொண்டாடுவார். ஆனால் தமிழ் பேச வராது. அவர்கள் வீட்டில் பேசுவது ஒரு மாதிரி மலாய், நடுவில் "சாமி", "பூசை" என்று நம் சொற்கள் தலைகாட்டும். முன்பு ராணுவ லோரி ஓட்டியவர், இப்போது டவுன் பஸ் ஓட்டுகிறார். என்னை "சிக்கு" என்று, அதாவது டீச்சர் என்று கூப்பிடுவார். நானும் டீச்சராகவே நடந்துகொண்டேன். தேசிய மொழித் தேர்வுக்காக அப்போது மாலை வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். வேலி அருகே அவர் வந்து பேசினால், அவர் மலாயில் இருந்த இலக்கணப் பிழைகளைத் திருத்துவேன். பிறந்ததிலிருந்து மலாய் பேசுகிற மனிதர். பொறுமையாகக் கேட்டுக்கொள்வார்.

தவணைக்கு முந்திய சனிக்கிழமை. கடைசியாகப் பின் அச்சை மாட்டும் வேலை மட்டும் பாக்கி. இஞ்சின் பழக வேண்டும் என்று காலையிலிருந்து அதை ஓடவிட்டிருந்தான். ஆயிரம் பேர் தகர டப்பாவில் கல்லைப் போட்டுக் குலுக்குவது போல அது கத்தியது. அவன் வண்டிக்கு அடியில் படுத்திருந்தான். வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளோடு வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்.

"ம்மா!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. "அவருகிட்ட கேளுங்க. அச்சு இப்படியே இருக்கட்டுமா, கவுத்து மாட்டணுமா?"

கேட்டேன். அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு வேலி மேல் எட்டிப் பார்த்தார். வாயில் இரண்டு சொல் அசைந்தன. இரண்டாவது மட்டும் தெளிவாகக் காதில் விழுந்தது: "தெர்பாலேக்!"

தெர்பாலேக் என்றால் தலைகீழ். முந்திய வாரம்தான் வகுப்பில் படித்திருந்தேன்.

"கவுத்து மாட்டச் சொல்றாருடா!" என்று குனிந்து கத்தினேன். அவர் கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன், சைக்கிள் போய்விட்டது. மொழி தெரிந்தால் எவ்வளவு உதவி என்று நினைத்துக்கொண்டு உலையில் அரிசி போடப் போனேன்.

திங்கட்கிழமை காலை ஏழரை மணி. வண்டிக்குக் குங்குமம் வைத்து, எலுமிச்சம்பழம் நசுக்க நான்கு சக்கரத்துக்கும் அடியில் வைத்தேன். மகன் ஏறி உட்கார்ந்தான். முதல் கியரைப் போட்டுக் கிளட்சை விட்டான். துரையின் முகத்தோடு வாசலைப் பார்த்து நின்ற அந்த வண்டி, ஒரு உறுமு உறுமி, பின்னால் பாய்ந்தது.

பின்னால் எங்கள் தகரக் குளியலறை. உள்ளே என் கணவர்.

தகரச் சுவர் போனது. அவர் போகவில்லை. தலை முழுக்கச் சோப்பு நுரை, இடுப்பில் சாரோங், கையில் வாளி. கண்ணைத் துடைத்துக்கொண்டு கரும்பலகையை மேலும் கீழும் பார்த்தார்.

"கதவத் தட்டிட்டு வரக்கூடாதா?" என்றார்.

மகன் இரண்டாம் கியர் போட்டுப் பார்த்தான், பின்னால். மூன்றாவது, பின்னால். கோஸ்தான் கியரைப் போட்டான். வண்டி ஆமை போல முன்னால் நகர்ந்தது, கியர் தானாகக் கழன்று நின்றது. மறுபடி போட்டான், மறுபடி கழன்றது. இறங்கி, குனிந்து அச்சைப் பார்த்தான். எழுந்தபோது முகம் சிறுத்திருந்தது.

"அச்சு தலகீழா இருக்கும்மா. சக்கரம் எதிர்ப்பக்கம் சுத்துது. கழட்டி மாட்ட ஒரு நாள் ஆகும்."

மணி ஏழே முக்கால். நான் கைப்பையைத் தொட்டுப் பார்த்தேன். கடிதம் இருந்தது. எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். ஆனால் அவன் அழவில்லை, கத்தவில்லை. சக்கரத்துக்கு அடியில் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத்தைப் பொறுக்கி ஓரமாகப் போட்டான். அதைப் பார்த்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது.

"பின்னால நல்லாத்தானே போகுது?" என்றேன்.

"என்ன?"

"நாலு மைல்தானே. பின்னாலயே போ."

"பின்னால போனா எனக்கு ரோடு தெரியாதும்மா! தட்டு மறைக்குது!"

என்ன சொன்னேன் என்று எனக்கே புரிவதற்குள், என் கணவர் சோப்பு நுரையோடு ஒரு பள்ளிக்கூட நாற்காலியைப் பின்தட்டில் ஏற்றிக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். "வார்டுல ரெண்டு பெட் போட்டு வெக்கிறேன்" என்றார்.

இப்படியாக நான் அன்று பின்தட்டில், கரும்பலகைக்கு மேலே தலை தெரிய, குடையோடு அமர்ந்து காஜா பேராங்கை விட்டுக் கிளம்பினேன். முதல் நூறு கஜத்திலேயே ஒரு சிக்கல். நான் பின்னால் பார்த்து உட்கார்ந்திருந்தேன். அவன் முன்னால் பார்த்து உட்கார்ந்து கழுத்தைத் திருப்பியிருந்தான். என் இடது அவனுக்கு வலது. "எடது எடது!" என்று கத்தினேன். ஒரு மீன்காரர் சைக்கிளோடு சாக்கடைக்குள் இறங்கி நின்று எங்களை வணங்கினார்.

"ம்மா, எடது வலது வேணாம்! தெங்கேரா ரோட்டுக்குப் போனதும் கடல் பக்கம், கரைப் பக்கம்னு சொல்லுங்க!"

அதன் பிறகு ஒழுங்காகப் போனோம். "கடல் பக்கம்... இன்னும் கடல் பக்கம்... கரைப் பக்கம், மாட்டு வண்டி!" நிறுத்த வேண்டுமானால் குடையால் கூரையைத் தட்டுவேன். அடிக்கடி தட்டினேன். எதிரே ஒன்றுமே வராதபோதும் தட்டினேன்.

தெங்கேராவில் போலீஸ்காரர் ஒருவர் கையைக் காட்டினார். நடுவயது மலாய்க்காரர், மீசை. வண்டியைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். துரையின் முகத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கெனாப்பா கோஸ்தான்?" என்றார். ஏன் பின்னால் போகிறீர்கள்?

வகுப்பில் படித்த மலாய் எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது. மாண்புமிகு ஐயா என்று தொடங்கி, இது கோஸ்தான் அல்ல, இந்த வண்டிக்கு இதுவே முன்பக்கம் என்று முழு வாக்கியத்தில், எழுவாய் பயனிலையோடு சொன்னேன். மகன் ஸ்டீயரிங் மேல் தலையைக் கவிழ்த்துக்கொண்டான்.

போலீஸ்காரர் விரலால் கரும்பலகையைத் தட்டினார். "அப்படியானால் முன்பக்கம் என்று எங்கே எழுதியிருக்கிறது?"

டீச்சரின் கைப்பையில் எது இல்லாவிட்டாலும் சாக்குக்கட்டி இருக்கும். இறங்கினேன். கரும்பலகையில் பெரிதாக, கோணாமல், DEPAN என்று எழுதினேன். முன்பக்கம். அவர் எழுத்துக் கூட்டிப் படித்தார். "துலிசான் சந்தேக்" என்றார். கையெழுத்து அழகாக இருக்கிறதாம். போகச் சொல்லிவிட்டார்.

அதற்குப் பின்தான் பஸ் வந்தது. எதிரே வந்தது, என் பார்வையில். ஓட்டி வந்தவர் பக்கத்து வீட்டுக்காரர். எங்களைக் கண்டதும் பிரேக் போட்டுவிட்டு, ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வழியக் கத்தினார்:

"சிக்கு! சயா சுடா சாக்காப்! ஜாங்கான் தெர்பாலேக்! ஜாங்கான்!"

நான் சொன்னேனே, தலைகீழாக வேண்டாம் என்று. வேண்டாம் என்று!

ஜாங்கான் என்றால் வேண்டாம். அதுதான் அந்த முதல் சொல். பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாரும் ஒரே பக்கமாக வந்து பார்த்ததில் பஸ் சாய்ந்தது.

"அவரு என்னம்மா சொல்றாரு?" இஞ்சின் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை.

"நல்லாப் போறோமாம்" என்றேன். "கடல் பக்கம் போ."

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது கிளேபாங் மண்டி வந்தது. வாசலில் ஏற்கெனவே ஒரு லோரி, மண்டி மேடைக்குப் பின்பக்கத்தைக் காட்ட முடியாமல் முன்னும் பின்னுமாக முட்டிக்கொண்டிருந்தது. அதன் டிரைவர் வியர்த்துக் கொட்டினார். தவுக்கே பனியனும் அரைக்கால் சட்டையுமாக நின்று திட்டிக்கொண்டிருந்தார். நாங்கள் அந்த லோரிக்குப் பக்கத்தில் ஒரே நேர்கோட்டில் போய், நான் குடையால் தட்ட, பின்தட்டு மேடையைத் தொட்டும் தொடாமலும் நின்றோம். கரும்பலகையைச் சாய்த்தால் தேங்காய் ஏற்றலாம்.

தவுக்கே வாயைத் திறந்தபடி பார்த்தார். "அலாமாக்!" என்றார். பிறகு என் மகனின் முதுகில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டி, மற்ற டிரைவர் பக்கம் திரும்பினார். அவர் சீன வாடையடித்த மலாயில் சொன்னது இதுதான்: வீட்டிலிருந்தே திருப்பிக்கொண்டு வருகிறான் பார், இவனுக்கு அல்லவா மூளை! இனி தினமும் வா.

"நாளையிலேர்ந்து சரியா வரும் தவுக்கே" என்றான் மகன் வெட்கத்தோடு.

"ஏன்? இதுவே நல்லாருக்குலா!"

திரும்பும்போதும் கோஸ்தான்தான்; பாரம் ஏறியதில் நாற்காலிக்கு இடமில்லை. தேங்காய்க் குவியல் மேல் உட்கார்ந்தேன். டீசல் பட்ட கையைத் துடைக்கக் கைப்பையில் காகிதம் தேடினேன். கெடாக் கடிதம்தான் இருந்தது. நன்றாகத் துடைத்தது, கனமான தாள்.

தெங்கேரா தாண்டிய பிறகு சொன்னேன். கூரைக்கு மேல் குனிந்து கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"டேய், அன்னைக்கு அவரு ஜாங்கான்னு சொல்லிருக்காரு! நான் அத உன்கிட்ட சொல்லல!"

அவன் வேகத்தைக் குறைத்தான்.

"சொல்லலையா, கேக்கலையா?" என்று கேட்டான்.

உதடு இரண்டு முறை அசைந்ததைப் பார்த்தவள் நான். முதல் சொல் என்னவென்று இன்னொரு முறை கேட்டிருக்கலாம். சைக்கிள் அப்போது கிளம்பவில்லை. கேட்காமல் கையை உயர்த்தினேன். பையில் கடிதம் இருந்தது. இவை எல்லாம் எனக்குத் தெரியும். அதற்கு மேல் தெரியவில்லை.

"தெரியலடா!" என்று கத்தினேன்.

அவன் ஏதோ சொன்னான். இஞ்சினில் முதல் பாதி போய்விட்டது. இந்த முறை விடவில்லை; குடையால் கூரையைத் தட்டி வண்டியை நிறுத்தினேன்.

"என்ன சொன்ன? முழுசாச் சொல்லு."

ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான். மூக்கில் கரி. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"பின்னால பாருங்க, எரும வருதுன்னு சொன்னேன்!"

"எதுடா பின்னால?" என்று கேட்டபடி திரும்பினேன். அப்போதுதான் கழுத்து சுளுக்கியது.