மணிக்கட்டு வரை நீண்ட கவசம்

தம்பியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் லியோனி டாட்னெலுக்கு நிறுத்தத் தெரியாது. டெவன்போர்ட்டுக்கு வெளியே வெங்காயம் தரம் பிரிக்கும் கொட்டகையில், ஓடும் பட்டைக்கு முன்னால் நின்று, முளைவிட்டதையும் அடிபட்டதையும் பொறுக்கி எறிந்தபடியே சொல்லிக்கொண்டிருப்பாள். கேலம் மெல்பர்னில் படித்தது, நாடகக் கொட்டகையில் விளக்கு வேலை பார்த்தது, ஒரு தடவை உள்ளூர்ப் பத்திரிகையில் அவன் படம் வந்தது எல்லாம் அங்கே வேலை செய்யும் எல்லோருக்கும் மனப்பாடம். அவள் பத்தாவதோடு நின்றவள். அவன் படித்ததை அவள் தன் கணக்கிலேயே வைத்திருந்தாள்.

அந்தத் தம்பி போன குளிர்காலத்தில் வேலை போய் ஊர் திரும்பினான். அவனை ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அவளேதான்.

ஆட்டம் நடப்பது உள்ளூர் போலிங் விளையாட்டுக் கிளப்பின் பின்னறையில், ஒரு மேசையைச் சுற்றி. பள்ளிப் பேருந்து ஓட்டும் குவெண்டாதான் கதையை நடத்துவாள். மற்றவர்கள் ஒவ்வொருவருக்கும் கதைக்குள் ஓர் ஆள் உண்டு. தன் ஆள் என்ன செய்கிறான் என்று அவரவர் சொல்ல வேண்டும். அது நடக்கிறதா இல்லையா என்பதை இருபது முகப் பகடை முடிவு செய்யும். லாரி ஓட்டி ஓய்வு பெற்ற ராஸின் ஆள் ஒரு போர்வீரன். எப்போதும் கையில் பின்னல் வேலையோடு இருக்கும் பெவ்வின் ஆள் ஒரு திருடி. லியோனியின் ஆள் ஹெட்டா என்ற மந்திரக்காரி. அந்த மேசையில் பல வருஷங்களாக இருந்த ஒரே மந்திரக்காரி.

மந்திரம் போடுகிறவர்களுக்கு அங்கே ஒரு சங்கடம் உண்டு. மந்திரம் பலிக்க விரலாலும் கையாலும் காற்றில் வரைய வேண்டும். உடம்பில் கனத்த உலோகம் இருந்தாலோ, கையில் எந்த உலோகம் ஏறினாலோ வரைவது தடுமாறும், மந்திரம் பாதியில் செத்துப்போகும். அதனால் மந்திரக்காரர்கள் வெறும் துணியங்கியோடுதான் போருக்குப் போவார்கள். நன்றாக வந்து தைக்கும் ஓர் அம்பு போதும், ஆள் முடிந்தான். ஹெட்டா அத்தனை வருஷம் உயிரோடு இருந்தது லியோனியின் கவனத்தால். எங்கே நிற்பது, யாருக்குப் பின்னால் நிற்பது, எப்போது ஓடுவது என்று ஒவ்வொன்றையும் வெங்காயம் பார்ப்பது போல் திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் அவள் முடிவு செய்வாள்.

கேலம் விதிப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. ஸ்கிராக் என்று ஒரு பெயரை வைத்தான், "இவனும் மந்திரவாதிதான்" என்றான், உட்கார்ந்துவிட்டான். அன்று சாயங்காலத்துக்குள் ராஸ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். ஸ்கிராக் பேசினால் பெவ் பின்னுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். முதல் வாரம் லியோனிக்குப் பெருமை தாங்கவில்லை. மறுநாள் கொட்டகையில் அதையும் சொன்னாள். ஒரு மாதம் போனதும் சொல்வதை விட்டுவிட்டாள். கதவைத் திறந்து உள்ளே போனதும் எல்லோருடைய முகமும் அவளைத் தாண்டிப் பின்னால் வருகிறவனைத் தேடியது. சாஸேஜ் ரோல் தட்டு முதலில் அவன் பக்கம் போனது. ஹெட்டா ஒரு கதவின் பூட்டை மந்திரத்தால் திறந்தால் ராஸ் "நல்லது" என்பார். ஸ்கிராக் அதே கதவை முட்டி விழுந்தால் வாரம் பூராவும் அதையே பேசினார்கள். லியோனிக்கு வயிறு எரிந்தது. சொந்தத் தம்பி மேல் எரிகிறதே என்று வெட்கமும் சேர்ந்துகொண்டது. வெட்கப்பட்டதால் எரிச்சல் ஒன்றும் குறையவில்லை.

அப்படிப்பட்ட சமயத்தில்தான் கதைக்குள் ஒரு கல்லறையிலிருந்து அந்தச் சட்டை கிடைத்தது. சின்னச் சின்ன வளையங்கள் கோத்த சட்டை. கம்பளியைவிட லேசான உலோகம். மந்திரக்காரர்கள் உடம்பில் போடக்கூடிய ஒரே இரும்பு அதுதான். இருந்தது ஒன்று. அடுத்த ஆட்டம் பாலத்துச் சண்டை, எதிர்க்கரை முழுக்க வில்லாளிகள். அங்கே சாகிறவர்கள் செத்தவர்கள்தான், திரும்ப எழுப்ப வழியில்லை என்று குவெண்டா முன்கூட்டியே சொல்லிவிட்டாள்.

ஒரு பொருளுக்கு இரண்டு பேர் ஆசைப்பட்டால் அந்த மேசையில் ஒரு வழக்கம். இருவரும் தங்கள் பக்கத்தைச் சொல்ல வேண்டும், மற்றவர்கள் முடிவு செய்வார்கள். லியோனி எழுந்து நின்றே சொன்னாள். ஹெட்டா எத்தனை சண்டையில் எல்லோரையும் காப்பாற்றியிருக்கிறாள், அவள் விழுந்தால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவள் முடிப்பதற்குள் ராஸ் இரண்டு தடவை தேநீரைக் கிண்டினார்.

கேலம் உட்கார்ந்தபடியே சொன்னான்: "ஸ்கிராக்குக்கு இதுவரைக்கும் யாரும் ஒரு புதுச் சட்டை வாங்கிக் குடுத்ததில்ல. அவ்வளவுதான்."

பெவ் சிரித்துவிட்டாள். ராஸும் பெவ்வும் சட்டை ஸ்கிராக்குக்கே என்றார்கள். "ஹெட்டா கெட்டிக்காரி, கண்ணு. அவ எப்படியும் பொழைச்சுக்குவா" என்று பெவ் அவள் கையைத் தட்டிக்கொடுத்தாள். ஜாக்கிரதையாக இருந்ததற்கு இதுதான் கூலி என்று லியோனிக்குத் தோன்றியது.

அதற்கு மேல் ஒன்று நடந்தது. அந்த மேசையில் கிடைத்த கவசத்தை அப்படியே மாட்டிக்கொள்ள முடியாது. அது வேறு யாரோ ஓர் ஆளின் அளவு. ஆளுக்குத் தக்கபடி திருத்தி, கட்டம் போட்ட தாளில் வரைந்து குவெண்டாவிடம் கொடுக்க வேண்டும். படத்தில் இருப்பதுதான் உண்டு. வாயால் சொல்வது செல்லாது. எல்லோருக்கும் வரைந்து கொடுப்பது லியோனிதான். ராஸின் மார்புக்கவசத்தில் தோள்பட்டை வாரைக் கீழே இறக்கியது அவள். பெவ்வின் தோல் காலணிக்குச் சத்தம் வராதபடி கம்பளி அடிவைத்தது அவள்.

வீட்டுக்குப் போகும் வழியில், காரில், கேலம் கேட்டான்: "லீ, எனக்கும் நீதான வரையற? உன்ன மாதிரி யாருக்கும் வராது."

சரி என்றாள்.

அந்த வாரம் வேலை முடிந்து வந்ததும் சமையலறை மேசையில் உட்கார்ந்து வரைந்தாள். ஸ்கிராக் குட்டையான ஆள். கீழ் விளிம்பை இடுப்பளவுக்கு வெட்டினாள். கழுத்தில் உராயாமலிருக்க ஆட்டுத்தோல் பட்டை வைத்தாள். அக்குளில் வளையங்களை எடுத்துவிட்டு மெல்லிய தோல் சேர்த்தாள், கை தூக்கினால் இழுக்காமல் இருக்கட்டும் என்று. அதுவரைக்கும் எல்லாம் முறையாகத்தான் செய்தாள். அடுத்தது சட்டையின் கை. முழங்கைக்கு மேல் வெட்டிவிட வேண்டும் என்பது அவளுக்குத் தூக்கத்திலும் தெரியும். உலோகம் எவ்வளவு லேசாக இருந்தாலும், மணிக்கட்டு வரை வந்தால் மந்திரம் தடுமாறும். பென்சில் முழங்கையில் வந்து நின்றது. பெவ் கையைத் தட்டிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. பென்சிலை அவள் தாளிலிருந்து எடுக்கவில்லை. வளையம் வளையமாக மணிக்கட்டு வரை கொண்டுபோனாள். ஓரத்தில் ஓர் அழகான கரைகூடப் போட்டாள். அவள் வரைந்ததிலேயே அதுதான் அழகான படம்.

கேலம் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான். "இத ஃபிரேம் போட்டு மாட்டணும் லீ" என்றான். விதி தெரிந்தவன் ஒரு பார்வையில் கண்டுபிடித்திருப்பான். அவன் பார்க்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாலத்துச் சண்டை தொடங்கியது. ஸ்கிராக் புதுச் சட்டையோடு முன்னால் ஓடினான். அம்புகள் பட்டுத் தெறித்தன. ராஸ் மேசையைத் தட்டினார். ஹெட்டா பாலத்துத் தூணுக்குப் பின்னால் துணியங்கியோடு ஒண்டிக்கொண்டிருந்தாள், எப்போதும் போல. பாலத்தின் நடுவில் போய் நின்று எதிர்க்கரையை நெருப்பால் மூடப் போவதாகக் கேலம் சொன்னான். அது பலித்தால் சண்டை முடிந்தது.

குவெண்டா படத்தைக் கையில் எடுத்தாள். மூக்குக்கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். "கை மணிக்கட்டு வரைக்கும் வருது. லியோனி, இதுக்குத் தடை எவ்வளவு?"

விதி என்றால் அந்த மேசையில் லியோனியைத்தான் கேட்பார்கள். அவள் என்ன சொன்னாலும் யாரும் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்க மாட்டார்கள். ஒன்றுமில்லை என்று சொல்லிவிடலாம்; நெருப்பு பலிக்கும், அவள் செய்ததும் யாருக்கும் தெரியாமல் போகும். ஆனால் விதியைத் தப்பாகச் சொல்ல அவள் நாக்கு வரவில்லை.

"அஞ்சு" என்றாள். "அஞ்சோ அதுக்குக் கீழயோ விழுந்தா மந்திரம் போச்சு."

கேலம் உருட்டினான். மூன்று.

நெருப்பு வரவில்லை. ஸ்கிராக் பாலத்தின் நடுவில் கையைத் தூக்கியபடி நின்றான். வில்லாளிகள் எல்லோரும் அவன் முகத்துக்குக் குறி வைப்பதாகக் குவெண்டா சொன்னாள். அடுத்து அவர்கள் எய்தால் அவன் சாவான்.

கேலம் அக்காவைப் பார்த்துச் சிரித்தான். அவனுக்குக் கோபமே இல்லை. "என் கையில ஒரு கீறல்கூட விழக்கூடாதுன்னு முழுசா மூடிட்ட, இல்ல?" என்றான். பெவ் பக்கம் திரும்பி, "சின்ன வயசுலயும் இப்படித்தான். வெயில் காலத்துலகூட எனக்குக் கையுறை மாட்டி விடுவா" என்றான். பெவ் பாசமாகத் தலையாட்டினாள்.

லியோனிக்கு அதுதான் தாங்கவில்லை. அவன் ஏமாந்து சாவதிலும் அவனுக்கே நல்ல பெயர், அவளுக்கும் சேர்த்து ஒரு நல்ல பெயரைத் தூக்கிப் போடுகிறான்.

"அதுக்காக இல்ல கேல்" என்றாள். "வெட்டணும்னு எனக்குத் தெரியும். வேணும்னேதான் வெட்டல."

"ஏன்?"

"அந்தச் சட்டை எனக்கு வேணும்னு இருந்துச்சு. நீ உட்கார்ந்த இடத்துல ரெண்டு வார்த்தை சொன்ன, தூக்கிக் குடுத்துட்டாங்க."

 ராஸ் தேநீர்க் கோப்பையைத் தள்ளி வைத்தார். "நான் சீட்டாட்டத்துல சொந்த அம்மாவயே ஏமாத்தியிருக்கேன், லியோனி. ஆனா அதுக்குக் கரை போட்டு அழகுபடுத்துனதில்ல."

கேலம் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. படத்தைப் பார்த்தான், அக்காவைப் பார்த்தான். அவன் ஏதாவது திட்டினால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"உன் முறை லியோனி" என்றாள் குவெண்டா. "ஹெட்டா என்ன பண்றா?"

ஹெட்டாவுக்குத் தூணுக்குப் பின்னால் பத்திரமான இடம். அங்கிருந்து படியிறங்கி ஓடிவிடலாம். வேறு எந்த நாளாக இருந்தாலும் லியோனி அதைத்தான் செய்திருப்பாள். அவள் பெவ்வின் பின்னல் பைக்குள் கைவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்தாள்.

"ஹெட்டா பாலத்து நடுவுக்கு ஓடறா. அவனுக்கு முன்னால போய் நிக்கறா. கத்தியால அந்தச் சட்டையோட கைய அறுக்கறா."

"முதுகு வில்லாளிங்க பக்கம் இருக்கும்" என்றாள் குவெண்டா.

"தெரியும்."

படத்தில் இருப்பதுதான் உண்டு. லியோனி தாளை மேசையில் வைத்து, முழங்கைக்கு மேலே கோட்டில் கொஞ்சமும் பிசகாமல் இரண்டு கைகளையும் வெட்டினாள். வளையம் வளையமாக வரைந்த துண்டுகள் தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவே விழுந்தன. குவெண்டா வில்லாளிகளுக்காகப் பகடை உருட்டினாள். முதல் அம்பு தவறியது. மற்றவை தவறவில்லை. துணியங்கி எதையும் தடுக்கவில்லை. இத்தனை வருஷம் பத்திரமாக வைத்திருந்த ஹெட்டா பாலத்தின் நடுவில் செத்துப்போனாள். லியோனி தன் ஆளின் தாளைத் தானே எடுத்துக் கவிழ்த்து வைத்தாள்.

அடுத்தது ஸ்கிராக்கின் முறை. கேலம் பகடையைக் கையில் எடுத்தான். குவெண்டா சட்டைக்கை வெட்டிய படத்தைப் பார்த்தாள். தடை எதுவும் இல்லை, பகடை வேண்டாம், மந்திரத்தை நேராகப் போடலாம் என்றாள்.

நெருப்பு எதிர்க்கரையை மூடியது. ராஸ் எழுந்து நின்றார். பெவ் கையிலிருந்த பின்னலைக் கீழே போட்டுவிட்டுக் கேலமின் தோளைப் பிடித்து உலுக்கினாள். என்ன ஒரு நெருப்பு, பார்த்தாயா, பார்த்தாயா என்று இருவரும் மாறி மாறிக் கேட்டார்கள். யாரும் ஹெட்டாவைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. லியோனிக்கு மறுபடியும் அதே எரிச்சல், அதே இடத்தில் ஏறியது. ஹெட்டாவைச் சாகக் கொடுத்த பிறகும் அது போகவில்லை என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

ஆரவாரம் அடங்கியதும் கேலம் தன் நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டான்.

"மன்னிச்சிட்டேன்னு இன்னிக்குச் சொல்ல மாட்டேன்" என்றான், மெல்ல, அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

"சொல்ல வேண்டாம்."

"ஆனா அந்த அக்குள்ல தோல் வெச்சிருக்க பாரு. கைய மேல தூக்குனப்ப இழுக்கவே இல்ல."

"அது இழுக்காது" என்றாள் லியோனி. "அதச் சரியாத்தான் செஞ்சேன்."

சட்டைக்கை வெட்டப்பட்ட படத்தை அவன் அவள் முன்னால் நகர்த்தினான். வெட்டின விளிம்பில் வளையங்கள் பிரிந்துவிடும், ஓரம் கட்ட வேண்டும் என்று அவளுக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. பென்சிலைக் கூர்சீவிக்கொண்டு, இன்னும் எரிகிற வயிற்றோடு, குனிந்து ஓரம் கட்ட ஆரம்பித்தாள்.