தீவன ரூமில் ஒரு ஆபீஸ்

போன வெள்ளிக்கிழமை, காலை ஒன்பது மணி. மீனாட்சிபுரத்தில் என் தங்கை செல்வியின் வீட்டு வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். இஸ்திரி போட்ட சுடிதார், கழுத்தில் அடையாள அட்டை, தோளில் பை. செருப்பை மாட்டிக்கொண்டு செல்வி வெளியே வந்தாள்.

“போயிட்டு வரேனுங்க அத்தை.”

“சோறு எடுத்துட்டியா கண்ணு?” என்றார் மாமியார்.

“எடுத்துட்டேனுங்க.”

வாசலைத் தாண்டினாள். மாட்டுக் கொட்டகையைச் சுற்றி அதே வீட்டின் பின்பக்கம் போனாள். முன்பு தவிடும் புண்ணாக்கும் அடுக்கிவைத்திருந்த தீவன ரூமுக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டாள்... ஆபீஸ் வந்துவிட்டது!

எதற்கு இந்த ஊர்வலம்?

“ஊட்ல இருக்கறாள்னு தெரிஞ்சா ஊரே வந்துருதுங்க தம்பி” என்றார் மாமியார். “ஒருத்தி அபேக்ஷை மனு எழுதித் தான்னு பேப்பரோட வர்றா. இன்னொருத்தி வெங்காயம் உரிச்சுட்டே கதை பேச வர்றா. இப்ப யாரு வந்தாலும், ‘வேலைக்குப் போயிட்டா, அஞ்சரைக்கு வருவா’ன்னு சொல்லிருவேன். போறதை நாலு பேரு பாக்கோணுமல்லங்க?”

வெளிநாட்டு டாக்டர்கள் பேசிப் பதிவு செய்ததைக் கேட்டு டைப் செய்கிற வேலை அவளுக்கு. ஆறு மாதம் சோதனைக் காலம். அன்றைக்குப் பத்து மணிக்கு வீடியோவில் மேலதிகாரிகள் முடிவு சொல்வதாக இருந்தது. போன தடவை பேசும்போது பக்கத்து வீட்டுக்காரி உள்ளே வந்துவிட்டாளாம். “வீட்டில் ஆபீஸ் சூழ்நிலை இல்லையென்றால் வேலை இல்லை” என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

இதெல்லாம் எனக்கு முன்தினமே தெரியும். இருந்தும்...

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு வயிறு எரிந்தது. அந்த ரூமில் சுண்ணாம்பு அடித்த சுவர், ஜன்னலுக்குத் திரை, சுற்றுகிற நாற்காலி. நான் எட்டாவதோடு நின்றவன். வட்டவடை மலையில் கேரட் கழுவினேன், முட்டைக்கோஸ் மூட்டை மேல் தூங்கினேன். இந்தப் பத்திரிகைப் பத்தியை பஸ் ஸ்டாண்டிலும் டீக்கடை பெஞ்சிலும் எழுதுகிறவன். “ஒரு மணி நேரம் அந்த நாற்காலியில உக்காந்து எழுதிக்கறேனே” என்று கேட்டதற்கு, “அஞ்சரைக்கு மேலே வாங்கண்ணா” என்று சொல்லிவிட்டாள். சொந்த அண்ணனுக்கு ஆபீஸ் நேரம்!

பத்தேகாலுக்கு மாமியாரின் அண்ணன் வேலந்தாவளத்திலிருந்து வந்தார். மகள் கல்யாணத்துக்கு அழைப்பு. தாம்பூலத் தட்டோடு வீட்டு மருமகள் செல்வி கையில்தான் கொடுப்பாராம். பத்தரைக்கு ராகு காலம் வேறு.

“அவ வேலைக்குப் போயிட்டாளுங்கண்ணா.”

“அப்பறம் எப்படி உள்ளார இங்கிலீசு கேக்குது?”

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார். நான் சும்மா இருந்திருக்கலாம். என் வாய் இருக்கவிடவில்லை.

“உள்ளதானுங்க இருக்கறா. இருங்க, கூப்பிடறேன்.”

உதவி செய்கிறவன் மாதிரி எழுந்து போனேன். கதவைத் தள்ளினேன்.

திரையில் மூன்று முகங்கள். மூன்றும் என்னைப் பார்த்தன — நான்கு நாள் தாடி, தலையில் துண்டு, கையில் டீ டம்ளர். செல்வி திரும்பவே இல்லை. ஒரு கையை மட்டும் பின்னால் நீட்டி, ‘நில்’ என்று காட்டினாள். அப்போதுதான் என் புத்திக்கு உறைத்தது. ஆறு மாத உழைப்பைக் கையில் டம்ளரோடு வந்து உடைக்கப் பார்த்திருக்கிறேன்.

யாரோ ஏதோ கேட்டார். அவள் தடுமாறாமல் இங்கிலீஷில் பதில் சொன்னாள். ஒரு வார்த்தைதான் எனக்குப் புரிந்தது — செக்யூரிட்டி.

சத்தமில்லாமல் கதவைச் சாத்திவிட்டு வந்தேன்.

வாசலில் மாமியார் தன் அண்ணன் முன்னால் நின்றுகொண்டிருந்தார். “அவளுக்கு இன்னிக்கு முக்கியமான நாளுங்கண்ணா. ராகு காலம் முடியற வரைக்கும் இருந்து, அவ கையிலயே குடுத்துட்டுப் போங்க.”

“இன்னும் நாலு ஊடு போகோணும்!”

“போலாமுங்க. மோர் கொண்டு வரட்டுங்களா?”

பெரியவர் முகம் சுண்டிப்போனது. ஆனாலும் உட்கார்ந்தார். செல்வி சாப்பிட வரும் பன்னிரண்டரை வரைக்கும் உட்கார்ந்திருந்தார்.

செல்வி வெளியே வந்து, தட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்ட பிறகு, மாமியாரிடம் மட்டும் சொன்னாள். “பர்மனென்ட் ஆயிருச்சுங்க அத்தை.” பிறகு என் பக்கம் திரும்பினாள். “எங்கூட்டு செக்யூரிட்டி புதுசு, இன்னும் பழகலைன்னு சொன்னேன். இந்த மாதிரி கோலத்துலயா ஒரு ஆளு வருவான்?”

“மன்னிச்சுக்கோ சாமி.”

“டம்ளரைக் கழுவி வைங்க.”

கழுவி வைத்தேன்.

ஐந்தரைக்கு மேல் அந்த நாற்காலி கிடைத்தது. இரண்டு சுற்று சுற்றினேன். ஒரு வரியும் ஓடவில்லை. பொறாமை மட்டும் அப்படியே இருந்தது — ஆனால் நாற்காலி மேல் அல்ல. நான் பார்க்காத வேலையே இல்லை. எந்த வேலைக்காவது, எனக்காக யாராவது தன் அண்ணனை வாசலில் காக்க வைத்திருப்பார்களா?

அப்படி ஒருத்தர் இருந்தால், பஸ் ஸ்டாண்ட் பெஞ்ச் கூட ஆபீஸ்தான்!