அழுதவள் பெயர்

போன வாரம் வரை எங்கள் பரளச்சி கிராமத்து வீட்டில் அம்மாவின் ரேடியோப் பெட்டி ஒரு பழைய சேலைத் துணிக்குள்தான் கிடந்தது. போர்த்தியது அம்மா, போர்த்த வைத்தவர் நாடக ஐயா. வானொலி நிலையத்தில் பழங்காப்பியங்களை நாடகமாக்கி ஒலிபரப்பியவர் என்பதால் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைப்போம்.

ஒரு நாடகத்தில் கணவனைப் பறிகொடுத்த நாயகி அலறி அழ வேண்டும். நாயகியாக நடித்தவருக்கு வசனம் அருவியாகக் கொட்டியது, அழுகை வரவில்லை. கூட்டத்தில் ஒருத்தியாகக் கூச்சல் போட வந்திருந்த என்னை ஐயா மைக் முன்னால் நிறுத்தினார். எங்கள் பக்கத்து இழவு வீடுகளில் பெண்கள் மாரடித்து அழுவதைக் கேட்டே வளர்ந்தவள் நான். அழுது முடித்தேன். "நாடகமே ஒன் அழுகையிலதாம்மா நிக்கிது. பேரச் சொல்லிருவோம்," என்றார் ஐயா.

அந்தச் சொல்லை நம்பி, நாடகம் ஒலிபரப்பான அன்று அம்மா தெருவையே ரேடியோ முன்னால் கூட்டிவிட்டாள். என் அழுகை வந்ததும், "ஏத்தா, கேளுங்க, இது எம் மக!" என்று பூரித்தாள். கடைசியில் நடித்தவர்களின் பெயர்கள் வந்தன. வாயிற்காவலன் பெயர்கூட வந்தது. என் பெயர் வரவில்லை. "எவளோ அழுதா, ஓம் மகளுன்னு பீத்திக்கிறியே?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தெரு சிரித்தது. அம்மா ரேடியோவை நிறுத்தித் துணியைப் போர்த்தினாள். நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். "நேரம் பத்தலம்மா," என்றார் ஐயா, நிமிர்ந்துகூடப் பார்க்காமல்.

இப்போது அருப்புக்கோட்டையில் ஓர் அறை பிடித்து, அதே காப்பியங்களை நாடகமாக்கிச் செல்போனில் கேட்கும்படி வெளியிடுகிறேன். ஓய்வுபெற்ற ஐயா தேடிவந்து ஒரு வேஷம் கேட்டார். மன்னன் வேஷமே கொடுத்தேன். பாவி மனிதர், அற்புதமாக நடித்தார். இல்லையென்று சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். பெயர்களை நானே வாசித்தேன். குதிரைக் குளம்புச் சத்தத்துக்குத் தேங்காய்ச் சிரட்டை தட்டியவர்வரை சொல்லிவிட்டு, மன்னனை மட்டும் விழுங்கினேன்.

மறுநாள் போன் வந்தது. "எம் பேரு வரலியேம்மா? சொந்தபந்தமெல்லாம் உக்காந்து கேட்டாக."

"நேரம் பத்தலைங்கய்யா," என்றேன்.

செல்போன் நாடகத்துக்கு நேரக் கட்டுப்பாடு கிடையாது. அது அவருக்கும் தெரியும். எதிர்முனையில் அவர் போனை வைத்துவிட்டது எனக்கு இனித்தது. மன்னிப்பதுதான் பெருந்தன்மை என்பார்கள். அந்தத் தெருவின் சிரிப்பைக் கேட்காதவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ஊருக்குப் போய் அம்மாவிடம் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"எத்தன பேரு உக்காந்து கேட்டாகளாம்?"

"வீடு நெறைய."

அம்மா எழுந்துபோய் ரேடியோ மேலிருந்த துணியை உருவி உதறினாள்.