ஆல்டா எழுப்பும் வண்டிகள்

கதவைத் தட்டிவிட்டுத்தான் ஆல்டா உள்ளே போவாள். பனிக்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த வண்டி அது, உள்ளே ஒரு ஈ கூட இல்லை என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் விரல் முட்டியால் மெல்ல இரண்டு தட்டு. பிறகு ஒரு மூச்சு நேரம் நிற்பாள். "திடுதிப்புனு போய் எழுப்பக் கூடாது பாருங்க, பயந்துடும்" என்பாள். எது பயந்துவிடும் என்று கிம்லி ஊரில் யாரும் கேட்பதில்லை.

வினிபெக் ஏரிக்கரையில், பழைய மீன் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் புல்வெளிதான் அவள் இடம். குளிர் தொடங்குமுன் ஊர்க்காரர்கள் தங்கள் மோட்டார்ஹோம்களைக் கொண்டுவந்து வரிசையாக நிறுத்திவிட்டுப் போவார்கள். கட்டிலும் அடுப்பும் குளியலறையும் வைத்த அந்த நீள வண்டிகள் பனிக்குள் மூக்குவரை புதைந்து தூங்கும். வசந்தம் வந்தால் ஏரியின் பனிப்பாளம் ஊசி ஊசியாகப் பிரிந்து, காற்று வீசும்போதெல்லாம் கண்ணாடி வளையல்கள் உரசுவது போல ஒலிக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் ஊரில் பாதிப் பேருக்குக் கால் நிலைகொள்ளாது. புல்வெளிக்கு வந்து சாவியைப் போட்டுத் திருகுவார்கள். வண்டி ஒன்றும் சொல்லாது. அப்புறம்தான் "ஆல்டா!" என்று குரல் கொடுப்பார்கள்.

அவளுக்கு வயது அறுபதை நெருங்குகிறது. சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, மார்பிலும் கையிலும் அமிலம் தெறித்துப் பொத்தல் பொத்தலாக இருக்கும். ஒரு பையில் சமையல் சோடா டப்பா, இன்னொன்றில் தேய்ந்த பல்துலக்கி. பேட்டரி முனையில் பூத்திருக்கும் பச்சைப் பொருக்கின் மேல் சோடாத் தண்ணீரை ஊற்றி, அது நுரைத்து அடங்கும்வரை பார்த்திருந்து, பல்துலக்கியால் தேய்ப்பாள். "இத்தனை மாசம் பல்லு வெளக்காமத் தூங்கினா உனக்கும் வாய் இப்படித்தான் இருக்கும்" என்று வண்டிக்காரரைத் திட்டுவது பேட்டரிக்குப் பரிந்துகொண்டுதான்.

பேட்டரி எதனால் செத்தது என்று அவளிடம் சொல்ல வேண்டியதில்லை. அவளே கண்டுபிடித்து விடுவாள். ஒருமுறை பள்ளிக்கூட ஆசிரியர் ஒருவர் தன் வண்டியின் படிக்கட்டு விளக்கை அணைக்காமல் பூட்டிவிட்டுப் போயிருந்தார். "வாசல்ல குட்டி வெளக்கைப் போட்டுட்டுப் போயிருக்கீங்க சார். பாவம், யாரோ வரப்போறாங்கன்னு அது பாட்டுக்கு எரிஞ்சு எரிஞ்சு ஓஞ்சு போச்சு" என்றாள். அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

பேட்டரியை வெறும் சிமெண்டுத் தரையில் வைத்தால் சத்து இறங்கிவிடும் என்றொரு பழைய நம்பிக்கை இருக்கிறது. இப்போதைய பேட்டரிகளுக்கு அது பொருந்தாது என்று ஆல்டாவே சொல்வாள். சொல்லிக்கொண்டே ஒரு பலகையைத் தேடி எடுத்துப் போட்டு அதன்மேல் வைப்பாள். "தெரியும்ப்பா. ஆனாலும் தரை சில்லுனு இருக்கில்ல?"

புதிய சார்ஜர்களோடு அவளுக்கு ஒரு வழக்கு உண்டு. அடியோடு காலியான பேட்டரியில் மாட்டினால் அவை வேலையே செய்யாது. அங்கே ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொள்ளும். அதற்காகவே ஒரு மீன்பிடிப் படகிலிருந்து கழற்றிய பழைய பேட்டரியை வைத்திருக்கிறாள். பெயர் கூட்டாளி. செத்த பேட்டரிக்குப் பக்கத்தில் கூட்டாளியை வைத்து, சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று கம்பியால் இணைப்பாள். கூட்டாளியின் உயிரைப் பார்த்து சார்ஜர் ஏமாந்துபோய் மின்சாரம் கொடுக்கத் தொடங்கும். மெல்ல மெல்லப் பக்கத்தில் இருப்பதற்கும் உயிர் வரும். அப்போது மூடியைத் திறந்து காதைச் சாய்த்துக் கேட்பாள். அடியில் எங்கோ குமிழிகள் முணுமுணுக்கும். யாருடைய கனவுக்குள்ளோ எட்டிப் பார்ப்பவளைப் போல அப்போது அவள் முகம் இருக்கும்.

எல்லாமே எழுந்துவிடுவதில்லை. காலியாக விட்டது கடுங்குளிரில் உறைந்து விலா புடைத்துப் போயிருக்கும். அதைத் தடவிப் பார்த்து "போயிடுச்சு" என்பாள். அவள் அந்தச் சொல்லைச் சொல்லிவிட்டால் ஊரில் மறுபேச்சு கிடையாது. புதுசு வாங்கப் போய்விடுவார்கள். ஒரு துளி உயிர் மிச்சமிருந்தாலும் அந்தச் சொல் அவள் வாயில் வராது.

அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் இந்த வசந்தத்தில் ருனா வந்தார், உலர்ந்த பிளம்ஸை அடுக்கடுக்காக வைத்துச் செய்த கேக்கோடு.

"எங்க வண்டி பேட்டரி போயிடுச்சுன்னு சொல்லிடுடீ."

"இன்னும் பார்க்கவே இல்லையே ருனா."

"பார்த்துட்டுச் சொல்லு. ஆனா அதையே சொல்லு."

ருனாவுக்கும் அவர் கணவர் வால்டிக்கும் சாப்பாட்டு மேசையில் ஓர் ஒப்பந்தம் ஆகியிருந்தது. வண்டி எழுந்தால் ஜாஸ்பர் மலைக்கு ஒரு பயணம், வால்டிதான் ஓட்டுவார். எழாவிட்டால் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் வினிபெக் நகரத்துப் பையன் ஒருவனுக்கு விற்றுவிடுவது. பையன் சனிக்கிழமை வருகிறான்.

"அவருக்குக் கண்ணு மங்கிப்போச்சு. எனக்குத் தெரியும்கிறது அவருக்குத் தெரியாது. போன வாரம் தபால் பெட்டிக்கு குட் மார்னிங் சொன்னாருடீ" என்று சிரித்த ருனா, சிரிப்பை நடுவில் நிறுத்திவிட்டார்.

"நீங்களே அவர்கிட்டச் சொல்லலாமே."

"அம்பது வருஷமா அவர் ஓட்ட, நான் பக்கத்துல உக்காந்து வர்றேன். நீங்க ஓட்டக் கூடாதுன்னு நான் சொல்லணுமா? பேட்டரி சொல்லிட்டுப் போகட்டுமே."

"வண்டி போயிட்டா பரவாயில்லையா உங்களுக்கு?"

ருனா வண்டியின் ஜன்னல்களைப் பார்த்தார். "திரைச்சீலையெல்லாம் நான் தைச்சது" என்றார்.

மறுநாள் வால்டி வந்தார், ஒத்தாசை செய்கிறேன் என்று. ஜாஸ்பர் போகும் சாலையின் திருப்பங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே சிவப்புக் கிளிப்பை எடுத்தார். மற்றக் கையின் விரல் பேட்டரியின் தலையைத் தடவித் தடவிக் கூட்டல் குறியைத் தேடியது. கிளிப் கறுப்பு முனையை நோக்கி இறங்கியது. ஆல்டா அவர் மணிக்கட்டைப் பிடித்து, பேச்சு அறுபடாமல், சரியான முனைக்கு நகர்த்தி வைத்தாள்.

"குளிர்ல விரல் மரத்துப் போச்சும்மா" என்றார் வால்டி.

"ஆமா, குளிருது" என்றாள் ஆல்டா. வெயில் சட்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

மோட்டார்ஹோமுக்கு இரண்டு பேட்டரி. ஒன்று இன்ஜினைக் கிளப்ப. மற்றது வண்டிக்குள் இருக்கும் வீட்டுக்கு: விளக்கு, ரேடியோ, குழாயில் தண்ணீர். இரண்டும் காலியாகத்தான் இருந்தன. கூட்டாளியைப் பக்கத்தில் வைத்தாள். இரண்டுமே எழுந்துகொண்டன. காதைச் சாய்த்துக் கேட்டாள். நல்ல உறுதியான முணுமுணுப்பு, இன்னும் பல வருடம் தாங்கும். பேட்டரி எழுந்தால் அவளுக்கு மனம் நிறையும். இந்த முறை நிறையவில்லை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து வெகுநேரம் ஏரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உயிரோடு இருப்பதைச் செத்தது என்று எப்படிச் சொல்வது? எழுந்துவிட்டது என்று சொன்னால் அந்த மலைச்சாலையில் என்ன ஆகும்?

வெள்ளிக்கிழமை பிற்பகல் இருவரையும் வரச் சொன்னாள். வழக்கம் போலக் கதவைத் தட்டினாள், நின்றாள், திறந்தாள். சுவிட்சைப் போட்டதும் உள்ளே மஞ்சள் வெளிச்சம் பரவியது. ரேடியோ ஏரிக்காற்றைப் பற்றிப் பேசியது. ருனா குழாயைத் திருகினார். பம்பு உறுமி, இருமி, தண்ணீர் வந்தது. பழக்கம் அவர் கையை அடுப்புக்குக் கொண்டுபோனது. கொஞ்ச நேரத்தில் மூன்று பேரும் ஊர் வழக்கப்படி சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்துக் காபியை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

வால்டி எழுந்துபோய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார். சாவியைத் திருகினார். சத்தமில்லை.

"இந்தப் பக்கத்து பேட்டரி?"

"அதை இன்னும் மாட்டலை. தூங்குது."

"போயிடுச்சா?"

ருனாவின் கோப்பை பாதி வழியில் நின்றது.

"தூங்குதுன்னேன். நீங்க எழுப்பச் சொன்னா எழுப்புறேன் வால்டி. நீங்கதான் சொல்லணும்."

வால்டி இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி முன் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு வெளியே, கல்லெறியும் தூரத்தில், ஏரி கிடந்தது.

"ஏரிப் பனி உடைஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

ருனா கோப்பையை வைத்துவிட்டு, போய்ப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தார். "பாதி உடைஞ்சிருக்கு" என்றார். "கரையோரமா தண்ணி நீலமாத் தெரியுது. நடுவுல இன்னும் வெள்ளைதான். ரெண்டு வாத்து வந்து எறங்கியிருக்கு. ஒண்ணு பனி மேல நடக்கப் பார்க்குது, வழுக்குது."

வால்டி தலையசைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். "இங்கேருந்தே எல்லாம் நல்லாத் தெரியுதே" என்றார். சாவியை உருவி ருனாவின் மடியில் வைத்தார்.

"அது தூங்கட்டும் ஆல்டா. ருனா, அந்தப் பையனுக்கு போன் பண்ணி, வர வேணாம்னு சொல்லிடு."

"சரி. உங்க காபி ஆறுது."

வாத்துகளைப் பற்றி ருனா மேலும் சொல்லத் தொடங்கியபோது ஆல்டா சத்தமில்லாமல் கதவைச் சாத்திக்கொண்டு இறங்கினாள். கொட்டகையில் அந்த இன்ஜின் பேட்டரி பலகைமேல் இருந்தது, முழுதாக விழித்து. சத்து இறங்கிப்போகாமல் இருக்கச் சின்ன சார்ஜரை அதில் மாட்டினாள். நிறைந்திருக்கிறது என்று பச்சை விளக்கு எரிந்தது. கொஞ்சம் யோசித்தாள். பிறகு குனிந்து, வாசலில் வருகிறவர்கள் கண்ணில் படாமல் விளக்கு சுவரைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வைத்தாள்.