இரண்டாவது பதிகம்

பத்திரிகைகள் வியாழக்கிழமை என்று எழுதின. அது வெள்ளி. ஆடி மாதத்து இரண்டாவது வெள்ளி. வியாழனாக இருந்திருந்தால் என் தம்பி செத்திருக்கமாட்டான் என்பதால் இந்தத் திருத்தத்தைக் கேட்பவர்களிடமெல்லாம் சொல்லிவருகிறேன்.

வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கையொன்றில் தம்பியின் நகைக்கடை. மற்ற நாட்களில் பொழுதுபட்டதும் ஒரு விளக்கும் ஊதுபத்தியும், அவ்வளவுதான். வெள்ளிகளில் மட்டும் பூசை நீளும். நான் போய் இரண்டு பதிகம் பாடுவேன். கடையில் நிற்கிற எல்லோரும் வாசலுக்கு முதுகைக் காட்டி, சாமிப்படத்தின் முன் கண்ணை மூடி நிற்போம். இரும்புப் பெட்டியைத் திறந்துவைத்து அதற்கும் பூப்போடுவது தம்பியின் வழக்கம். மாலையைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஓர் ஓட்டோக்காரன் கொண்டுவருவான். பல வருடப் பழக்கம். தம்பியின் மகளைப் பம்பலப்பிட்டிப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றி இறக்கியவனும் அவன்தான்.

அன்றும் மாலையை என் கையில் தந்துவிட்டு, "ஐயா, வழக்கம்போல ரெண்டு பாட்டுத்தானே?" என்றான்.

"நிண்டு கேட்டுட்டுப் போவன்" என்றான் தம்பி.

"நின்னா அடுத்த ஹயர் போயிரும் முதலாளி."

அவன் இறங்கிப்போன பிறகு தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணா, இண்டைக்கு ஒண்டோட நிப்பாட்டுங்கோ. உங்கட குரலுக்குப் பயந்து சனம் பக்கத்துக் கடைக்குப் போகுது" என்றான். கடையில் நின்ற இரண்டு பெண்களும் சிரித்தார்கள். நான் ஒன்றுதான் பாடினேன்.

பாட்டு முடிந்ததும் நின்றவர்களுக்குக் காட்டுவதற்காகத் தம்பி கற்பூரத்தட்டோடு திரும்பினான். ஹெல்மெட் போட்ட ஒருவன் திறந்த பெட்டியின் முன்னால் பையோடு நின்றிருக்கிறான். நான் வெடிச் சத்தத்தை மட்டுந்தான் கேட்டேன். கண்ணைத் திறந்தபோது கற்பூரம் நிலத்தில் எரிந்துகொண்டிருந்தது.

சுட்டவனையும், ஒழுங்கை முகப்பில் ஓட்டோவோடு காத்திருந்து அவனை ஏற்றிப்போனவனையும் கொலன்னாவையில் பிடித்தார்கள். ஓட்டோ எங்களுக்குத் தெரிந்த ஓட்டோ.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை, அரச சட்டவாதி என்னையும் தம்பியின் மனைவியையும் நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடையிலுள்ள தன் அலுவலகத்துக்கு அழைத்தார். குற்றப்பத்திரிகையில் யார்மீது எதைச் சுமத்துவது என்பதை அவர்தான் எழுதவேண்டும். சிங்களத்திலேயே பேசினார். தம்பியின் மனைவிக்குக் கடைச் சிங்களம் நன்றாக வரும், சட்டச் சிங்களம் வராது, நான் மொழிபெயர்த்தேன்.

சுட்டவன் விடயத்தில் கேள்வியில்லை என்றார். கொலை, கொள்ளை இரண்டும். ஓட்டோக்காரன்தான் சிக்கல். கொல்லவும் துணிந்தே இருவரும் சேர்ந்து வந்தார்கள் என்று காட்டமுடிந்தால் அவன்மீதும் கொலை. முடியாவிட்டால் கொள்ளை மட்டும்.

"எங்கட வீட்டில சாப்பிட்டவன்" என்றாள் தம்பியின் மனைவி. "அவன்ர பேரும் கொலையில வரவேணும். அதைச் சொல்லுங்கோ அத்தான்."

சொன்னேன். சட்டவாதி தலையசைத்துவிட்டு, நீதவானுக்கு ஓட்டோக்காரன் கொடுத்த வாக்குமூலத்திலிருந்து ஒரு பகுதியை வாசித்தார். இரண்டு பாட்டு முடியும்வரை கடையில் ஒருவரும் திரும்பமாட்டார்கள், முதல் பாட்டில் உள்ளே போனால் இரண்டாவது முடிவதற்குள் வெளியே வந்துவிடலாம், யாருடைய முகத்தையும் பார்க்கவேண்டி வராது என்று தான் சொல்லிக்கொடுத்ததாக அவன் ஒப்புக்கொண்டிருந்தான். மற்றவன் கையில் சுடுகிற துவக்கு இருந்தது தனக்குத் தெரியாதாம்.

"துவக்குக் கதையை நான் நம்பவில்லை" என்றார் சட்டவாதி. "இரண்டு பாட்டுக் கதையும் பொய்போலத்தான் இருக்கிறது. கடைக் கமராவில் படம் இருக்கிறது, சத்தமில்லை. ஆனால் சுட்டவன் உள்ளே வந்து பெட்டியைத் தொடுவதற்கிடையில் உங்கள் தம்பி திரும்பிவிடுகிறார். திரும்புவார் என்று தெரிந்துதான் ஓட்டோக்காரன் அவனை அனுப்பினானா? அன்று எத்தனை பாட்டுப் பாடினீர்கள்?"

இதை நான் உடனே மொழிபெயர்க்கவில்லை. தம்பியின் மனைவி என் முகத்தைப் பார்த்தாள். பொலிசில் எத்தனை பாட்டென்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் சொல்லியிருக்கவில்லை. இரண்டு என்று சொன்னால், பாட்டு முடியுமுன்பே தம்பி திரும்பினான் என்றாகும், ஓட்டோக்காரன் பொய்யன். அவன் பெயர் கொலையில் வரும். கடையில் நின்ற பெண்களுக்குப் பாட்டுக் கணக்கு நினைவிருக்காது.

"வழக்கமாக இரண்டு. அன்று ஒன்று" என்றேன்.

"ஏன்?"

"தம்பி கேட்டான்."

அவர் எழுதிக்கொண்டார்.

வெளியே வந்து ஓட்டோவுக்குக் கைகாட்டாமல் நடந்தோம். சந்தியில் அவள் என் பக்கம் திரும்பினாள்.

"சட்டவாதி கடைசியா என்ன கேட்டவர்?"

சொன்னேன்.

"ரெண்டு எண்டு சொல்லியிருக்கலாம்."

"ஒண்டுதான் பாடினனான்."

"அது எனக்கு விளங்குது அத்தான். ரெண்டு எண்டு சொல்லியிருக்கலாம் எண்டுதான் சொல்லுறன்." கொஞ்ச தூரம் போய், "ஒண்டோட நிப்பாட்டச் சொல்லி இவர் கேட்டதோ, உண்மையா?" என்றாள்.

"ஓம். சிரிச்சுக்கொண்டு பகிடியாத்தான் கேட்டவன்."



சித்திரையில் குற்றப்பத்திரிகையின் பிரதி வந்தது. கொலையில் ஒரு பெயர்தான். ஓட்டோக்காரனின் பெயர் கொள்ளையில் மட்டும். சட்டப்படி அது சரி என்றே நினைக்கிறேன். அவனுக்குச் சில வருட மறியல் கிடைக்கும், ஒருநாள் சிறையிலிருந்து வெளியே வருவான். அவன் கணக்குப்போட்டுக் கொடுத்த நேரத்தைக் குறைத்தது எங்கள் சிரிப்பு. நான் இரண்டாவதையும் பாடியிருந்தால் தம்பி வெறும் பெட்டியைத்தான் பார்த்திருப்பான்.

பிரதியை அவளுக்கு வரிவரியாக வாசித்துக் காட்டினேன். கேட்டு முடித்துவிட்டு, "இனி வெள்ளிகளில வரவேண்டாம் அத்தான்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை.

கடையை இப்போது அவள் நடத்துகிறாள். வெள்ளிகளில் பொழுதுபட முன்னரே கதவை இழுத்துப் பூட்டிவிடுகிறாள் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். பூட்டிய பிறகுதான் உள்ளே விளக்கு வைக்கிறாளாம்.