தவறிய இரண்டு டோஸ்

என் மகள் வயதுக்கு வந்ததைக் கேட்டு முதலில் சந்தோஷப்பட்டவர் சென்னை டாக்டரம்மாதான். "மருந்து வேலை செய்யுதுங்கறதுக்கு இதுக்கு மேல என்னம்மா வேணும்!" என்று போனில் சிரித்தார். எனக்கும் சந்தோஷம்தான். ஒரு மணி நேரம்கூட நீடிக்காத சந்தோஷம்.

அவளுக்குப் பிறவியிலேயே ஒரு நோய். கொழுப்பைக் கரைக்கிற ஒரு நொதி உடம்பில் சுரக்காது. கரையாதது மண்ணீரலிலும் கல்லீரலிலும் சேர்ந்து வயிறு பானையாக ஊதிவிடும், எலும்பெல்லாம் வலிக்கும். பத்தாம் வகுப்புப் படிக்கிறவளைப் பார்த்து மூன்றாம் வகுப்பா என்று கேட்பார்கள். சொந்தம் விட்டுப் போகக் கூடாதென்று என்னை அத்தை மகனுக்கே கட்டி வைத்தார்கள். இரண்டு பக்கமிருந்தும் ஒரே பழுது வந்து சேர்ந்துவிட்டது என்று டாக்டரம்மா படம் போட்டு விளக்கினார். வீட்டிலோ என் வயிற்றை மட்டும்தான் குறை சொன்னார்கள்.

இல்லாத நொதியை நரம்பு வழியாக ஏற்றும் ஒரு புது மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதில் அவளுக்கு இடம் கிடைத்தது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அரியலூரில் ரயிலேறுவோம். சோதனையை முடிப்பவர்களுக்கு அதன் பிறகும் கம்பெனி மருந்தை இலவசமாகத் தரும். தொடர்ந்து இரண்டு டோஸ் தவறினால் பெயரை எடுத்துவிடுவார்கள். ரெட்டிபாளையம் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றுகிறவர் என் கணவர். காசு கொடுத்து அந்த மருந்தைத் தொட்டுக்கூடப் பார்க்க முடியாது.

ஒரு வருஷத்தில் அவள் வயிறு வற்றியது, உயரம் கூடியது, பள்ளிக்கூட மாடிப்படி ஏறினாள். பிறகுதான் இது.

வாசலில் பச்சை ஓலைத் தடுப்புக் கட்டி அவளை உட்கார வைத்தார்கள். தாய்மாமன் சீர் கொண்டுவந்து தண்ணீர் ஊற்றும்வரை வெளியே வரக் கூடாது. தாய்மாமன் என்றால் என் அண்ணன். சிங்கப்பூரில் இருக்கிறான். "நான் இல்லாம சடங்கு நடந்துச்சுன்னா அந்த வூட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று போனில் கத்தினான். அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. நாள் தள்ளிப்போனது.

அதிலேயே ஒரு டோஸ் தவறிப்போயிற்று. அடுத்ததற்கு நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மாமியார் குறுக்கே வந்து நின்றார்.

"தீட்டு கழியாத புள்ளய ரயில்ல ஏத்திக்கிட்டுப் போவியா? நாளைக்கு எவன் கட்டுவான்?"

"மருந்து ஏறலன்னா கட்டிக்குடுக்கப் புள்ளயே இருக்காது அத்தை."

என் கணவர் பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தார். "பெரிய மனுஷியே ஆயிட்டா, இன்னும் என்னடி நோவு? ஆஸ்பத்திரிக்காரங்க அப்படித்தான் பயமுறுத்துவாங்க."

மருந்து தந்த வளர்ச்சியைக் காட்டியே மருந்து வேண்டாம் என்றார்கள். இந்தப் புத்தியை எங்கே போய்ச் சொல்வது? நான் போட்ட சத்தத்தில் தெருவே கூடியது. ஒருவர்கூட என் பக்கம் பேசவில்லை.

அண்ணன் வந்தான். மேளம், தட்டுத் தட்டாகச் சீர், பெரம்பலூரில் எடுத்த பட்டு, தெருமுனையில் பிளெக்ஸ் பேனர். பந்தியில் உட்கார்ந்தவர்கள், பிள்ளை எவ்வளவு லட்சணமாகிவிட்டாள் என்றார்கள். நான் பரிமாறிக்கொண்டுதான் இருந்தேன்.

அடுத்த நாளே சென்னைக்குப் போனோம். டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். "எவ்வளவோ எழுதிக் கேட்டேம்மா. ரூல் ரூல்தான்னு பேரை எடுத்துட்டாங்க." கம்பெனிக்காரர்களுக்கும் என் மாமியாருக்கும் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை. இரண்டு பேருக்கும் முறைதான் பெரிது, பிள்ளை இல்லை.

திரும்பும் ரயிலில் அவள் விழுப்புரம் தாண்டியதும் கேட்டாள்: "அம்மா, நான் வயசுக்கு வராமயே இருந்திருந்தா மருந்து குடுத்துக்கிட்டே இருந்திருப்பாங்கல்ல?"

"ஆமாம்மா" என்றேன். பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை.